அறுபதில் வரும் ஆட்டம்: 2002 ஜிப்ஸி ஒன்றின் முன் அச்சு

கிணத்துக்கடவு மேம்பாலத்தை விட்டு இறங்கும்போது சாலை இணைப்பில் முன் சக்கரம் 'டக்' என்று ஏறி இறங்கியது. அடுத்த கணமே ஸ்டீயரிங் இடதும் வலதுமாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் அதிகமானது. டேஷ்போர்டில் கிடந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மா கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். பிரேக்கை மெதுவாக மிதித்து வேகம் நாற்பதுக்குக் கீழே வந்ததும், சுவிட்சை அணைத்த மாதிரி எல்லாம் அடங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். நட்டுகள் இறுக்கமாக இருந்தன, டயரில் காற்று இருந்தது, கண்ணுக்குத் தெரிந்து ஒரு கோளாறும் இல்லை.

இது 2022 பிப்ரவரியில். அந்த ஆட்டம் உண்மையில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவந்தது ஜூலையில். நடுவில் ஐந்து மாதம், நான்கு தவறான முடிவுகள். அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இதே வரிசையில்தான் பணம் செலவழிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வண்டி

மாருதி ஜிப்ஸி கிங், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை ஊசியால் பீய்ச்சும் இன்ஜின்), 1298 சிசி. 2011இல் வால்பாறை எஸ்டேட் ஒன்றிலிருந்து இரண்டாம் கையாக வாங்கியது. ஆட்டம் தொடங்கியபோது 1,87,000 கி.மீ. ஓடியிருந்தது. நான் மெக்கானிக் இல்லை, பொள்ளாச்சியில் ஒரு தென்னை நார் மில்லில் கணக்கு எழுதுகிறவன். வீட்டுப் பின்பக்கம் சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் போட்ட ஒரு சாய்ப்பு இருக்கிறது. ஆயில் மாற்றுவது, பிரேக் லைனர் மாற்றுவது, கார்பன் தட்டுவது எல்லாம் அங்கேதான்.

ஜிப்ஸியை அறியாதவர்களுக்காக ஒரு பத்தி. 1985இல் 970 சிசி இன்ஜினோடு வந்த வண்டி இது. 1996இல் 'கிங்' ஆகி இன்ஜின் பெரிதானது. 2000 வாக்கில் பதினாறு வால்வு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வந்து 80 குதிரைத்திறன் ஆனது. 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. இத்தனை காலத்திலும் அடிப்பகுதி பெரிதாக மாறவில்லை: ஏணி மாதிரி சேஸிஸ், முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் ஸ்பிரிங் பட்டை. முன் அச்சின் இரு முனையிலும் பந்து போன்ற ஒரு வார்ப்பு இருக்கும். அதை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் உட்கார்ந்திருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கிங்பின். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டேப்பர் ரோலர் பேரிங். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவது இந்த இரண்டு கிங்பின்களின் மேல்தான். ராணுவமும் போலீஸும் வனத்துறையும் ஓட்டித் தள்ளிய வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கு இன்னும் பஞ்சமில்லை. கோவை உக்கடத்துப் பழைய கடைகளில் அரை நாள் அலைந்தால் முழு அச்சே கிடைக்கும்.

ஐந்து மாதம், நான்கு வேலை

முதலில் டயர் கடை. நான்கு சக்கரத்துக்கும் பேலன்ஸிங், முன்பின் மாற்றம். இரண்டு வாரம் ஆட்டம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தது.

அடுத்தது ஊரில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப். பையன் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தான்.

"ஏனுங்ணா, டேம்பரு போயிருச்சுங். மாத்தீட்டா கம்முனு ஆயிருமுங்."

டேம்பர், அதாவது ஸ்டீயரிங் உதறலை அமுக்கும் ஷாக், உண்மையிலேயே போயிருந்தது. கையில் பிடித்து இழுத்தால் சைக்கிள் பம்பு மாதிரி காற்றாக வந்தது. புதியது போட்டதும் வண்டி வெண்ணெயாக ஓடியது. மார்ச் முழுக்க நிம்மதி. ஏப்ரலில் ஆட்டம் திரும்பியது. முன்பு அறுபதில் வந்தது இப்போது அறுபத்தைந்தில் வந்தது, வந்தால் முன்னைவிட மோசமாக வந்தது.

பிறகு இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராட், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் ராட், இவற்றின் எண்டுகளை மாற்றினேன். அதன் பிறகு முன் ஸ்பிரிங் பட்டையின் புஷ்கள். இந்த இரண்டையும் வீட்டிலேயே செய்தேன். பழைய புஷ்கள் உப்பித் தெறித்திருந்தன, மாற்ற வேண்டியவைதான். ஒவ்வொரு முறையும் பத்து நாள், பதினைந்து நாள் ஆட்டம் ஒதுங்கி நின்றது.

என்னை ஏமாற்றியதும் இதுதான். மாற்றிய நான்குமே கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தவை. அதனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் குணம் காட்டியது. ஒரேயடியாக எதுவுமே பலிக்காமல் போயிருந்தால் மே மாதமே வேறு பக்கம் தேடியிருப்பேன்.

ஒர்க்‌ஷாப்பிலும் வீட்டிலும் நாங்கள் ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தோம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுவது. ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். நல்ல சோதனைதான். ஆனால் என் வண்டியில் முதல் ஆட்டலிலேயே துளி அசைவும் இல்லை. ஆகவே கிங்பின் சரி என்று மனதுக்குள் எழுதி, அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம்.

இதற்கிடையே இன்னொரு நெருக்கடி. வண்டியின் பதிவு செப்டம்பரில் முடிகிறது. பதினைந்து வருஷம் 2017இல் முடிந்து, ஐந்து வருஷப் புதுப்பித்தலும் முடியப் போகிறது. 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. ஸ்டீயரிங் ஆடும் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தவும் முடியாது, விற்றுவிடவும் மனசில்லை.

நோட்டு

வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எங்கே போனேன், எத்தனை லிட்டர் போட்டேன், எது ஒழுகியது என்று இரண்டு வரி எழுதுவது பழக்கம். ஜூன் கடைசியில் மழைநாள் ஒன்றில் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரே குறிப்பு நான்கு இடத்தில் கண்ணில் பட்டது: "வலது முன் டயர் உட்புறம் ஆயில் கசிவு, துடைத்தாச்சு."

நான்கு தேதியிலும் அதற்கு முந்தைய வரி வால்பாறைதான். கோவைக்கும் உடுமலைக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கசிவு எழுதவில்லை.

கசிவு எனக்குப் புதிதல்ல. முன் அச்சின் உள் ஆயில் சீல் தேய்ந்தால் கிரவுன் (அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரத் தொகுதி) ஆயில் நக்கிளுக்குள் வந்து, அங்கிருக்கும் கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். ஜிப்ஸிக்காரர்கள் எல்லோரும் இதைத் துடைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள்தான். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். ஆனால் தேய்ந்த சீல் மலைக்குப் போனால் மட்டும் ஏன் ஒழுக வேண்டும்?

ஒரு வித்தியாசம்தான் இருந்தது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்வரை தார்ச்சாலை. அதற்கப்புறம் எஸ்டேட் மண்சாலையில், முன் சக்கரத்தை அச்சுத் தண்டோடு இணைக்கும் லாக்கிங் ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீலில் ஏறுவேன். ஹப் திறந்திருக்கும்வரை முன் கிரவுன் சுற்றுவதில்லை, குளிர்ந்தே கிடக்கும். பூட்டினால்தான் பல்சக்கரங்கள் சுழன்று ஆயில் சூடேறும். சூடேறினால் உள்ளே இருக்கும் காற்று விரியும். விரிந்த காற்று வெளியேறத்தான் அச்சின் மேல் ப்ரீதர் என்று ஒரு சின்னக் குழாய் இருக்கிறது.

அன்று இரவே டார்ச்சோடு போய்ப் படுத்தேன்.

குழாய்

ப்ரீதர் ரப்பர் குழாய் சுண்டுவிரலைவிட மெல்லியது. அச்சிலிருந்து மேலே ஏறி சேஸிஸ் ஓரமாக முடிகிறது. முனையை வாயில் வைத்து ஊதினேன். போகவில்லை. கன்னம் வலிக்க ஊதினேன். சுவரில் ஊதுவது போல இருந்தது.

குழாயைக் கழற்றி முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி பிளேடால் வெட்டினேன். உள்ளே காய்ந்த செம்மண், சுண்ணாம்புக் கட்டி போல இறுகி அடைத்துக் கிடந்தது. வண்டி சேற்றில் இறங்கியதில் அடைத்த மண் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊக்கால் குத்தி எடுத்தபோது மண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு அறை, அதில் பச்சை நிறம் மாறாமல் காய்ந்துபோன புழு ஒன்று, அதற்குப் பின்னால் மறுபடி மண் தடுப்பு. குளவிக் கூடு. சாய்ப்பின் தகர விளிம்பில், மின்பெட்டித் துளையில், கொடிக்கம்பி கட்டிய குழாயில் எல்லாம் கட்டுகிற அதே குளவி. வண்டி வாரக்கணக்கில் நிற்கும் இடத்தில் அளவாக ஒரு ரப்பர் குழாய் கிடைத்தால் அது விடுமா?

அப்புறம் கணக்கு போட்டுப் பார்த்தேன். மலையில் முன் கிரவுன் சூடாகிறது, காற்று விரிகிறது, மேலே வழியில்லை. எந்தச் சீல் பலவீனமோ அதன் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியேறுகிறது. என் வண்டியில் அது வலது பக்கம். அதே சூட்டோடு ஓடையில் இறக்கினால் அச்சு சட்டென்று குளிர்கிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளித் தண்ணீரை அதே வழியில் உறிஞ்சுகிறது. நக்கிளுக்குள் ஆயில் போனது சரி, தண்ணீரும் போயிருக்குமா?

எஸ்டேட் ஜீப்புகளைப் பராமரித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். மறுநாள் காலையில் குழாயையும் புழுவையும் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய்க் காட்டினேன். சிரித்தார். பிறகு கேட்டார்: "கிங்பின் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தோமுங்கய்யா. துளி ஆட்டமில்லீங்க."

"கை வெச்சு ஆட்டிப் பாத்தா அது சொல்லாதுங்க தம்பி. டை ராட்டக் கழட்டி உட்டுட்டு ஒத்த வெரல்ல திருப்பிப் பாருங்க. அது சொல்லும்."

ஒற்றை விரல்

முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றினேன். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது என்பதை இங்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டை ராட் எண்டின் காட்டர் பின்னையும் நட்டையும் எடுத்து, அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் ஒரு சுத்தியலை முட்டுக்கொடுத்து எதிர்ப்பக்கம் இன்னொன்றால் இரண்டு அடி. எண்டு கழன்று விழுந்தது.

இடது சக்கரத்தைத் திருப்பினேன். கனமாக, ஒரே சீராக, தேனில் கரண்டி போகிற மாதிரி திரும்பியது. வலது சக்கரத்தை ஆள்காட்டி விரலால் தொட்டதுமே ஓடியது. நேர்நிலைக்கு வரும்போது மட்டும் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி 'கிளுக்'கென்று உட்கார்ந்தது.

நாங்கள் ஐந்து மாதமாகத் தேடியது தளர்வை. கிங்பின்னில் தளர்வு இல்லை, பிடிமானம்தான் இல்லை. அந்தப் பேரிங்குகளை ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை வைத்து ஒரு அளவுக்கு இறுக்கி வைத்திருப்பார்கள். அந்த இறுக்கத்தின் உராய்வுதான் சக்கரம் தன் போக்கில் ஆடாமல் தடுப்பது. 205/70 ஆர்15 டயர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய எட்டு முறை சுற்றும். அந்தத் தாளத்தில் சாலை ஒரு தட்டு தட்டினால், பிடிமானம் இல்லாத சக்கரம் ஊஞ்சலைத் தள்ளிவிட்ட மாதிரி ஆட ஆரம்பித்துவிடும். ஒரு சக்கரம் ஆடினால் டை ராட் வழியே மற்றதையும் இழுக்கும். கிங்பின்னின் வேலையைப் புது டேம்பர் கொஞ்ச நாள் சேர்த்துச் சுமந்தது, அவ்வளவுதான். முழு அச்சும் கிங்பின்னும் மாருதியின் இன்றைய ஜிம்னியிலும் தொடர்கின்றன. அதை வைத்திருப்பவர்களும் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன்.

பிரித்ததும் கண்டதும்

வலது பக்கம் பிரிக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. சக்கரம், காலிப்பர் (அதை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் பட்டையில் கட்டினேன்), லாக்கிங் ஹப், அச்சு முனையின் சர்க்ளிப், மடித்த லாக் வாஷர், நட்டு, ஹப், ஸ்பிண்டில். ஸ்பிண்டில் துருவில் ஒட்டியிருந்தது. மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டியதில் ஒரு மில்லிமீட்டர் வாய் திறந்தது.

திறந்த வாயிலிருந்து வந்தது கிரீஸ் இல்லை. பால் கலந்த காப்பி நிறத்தில் ஒரு திரவம், தட்டில் ஒரு டம்ளர் அளவு. கிரவுன் ஆயிலை வடித்து அளந்தேன். இரண்டு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றேகால்தான் வந்தது.

கிங்பின்களைக் கழற்றும்போது மேல் ஷிம் எது, கீழ் ஷிம் எது என்று தனித்தனிக் கவரில் போட்டு எழுதினேன். கீழ்ப் பேரிங் ஆயிலில் ஊறிக் கிடந்ததால் பளபளவென்று இருந்தது. மேல்ப் பேரிங்கில் துரு. கரைந்த கிரீஸ் முழுக்கக் கீழே இறங்கிவிட, மேலே இருப்பது வறண்டு நின்றிருக்கிறது, ஓடைத் தண்ணீரின் ஈரம் மட்டும் அதற்கு மிச்சம். அதன் வெளி ரேஸை (ரோலர்கள் உருளும் வளையத்தை) பனியன் வேஸ்டால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். நகத்தால் கீறியது போல வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொன்றும் ஒரு ரோலர் படுத்திருந்த இடம். சக்கரம் பெரும்பாலும் நேராகத்தானே நிற்கும், ரோலர்கள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அந்தத் தடத்தைப் போட்டிருக்கின்றன. விரலில் உணர்ந்த 'கிளுக்' இதுதான்.

மேலும் கீழுமாக இரண்டு பேரிங்கும் புதிதாகப் போட்டேன். புது ரேஸ்களை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டதால் சுலபமாக இறங்கின. அம்மாவுக்கு அதில் இன்னும் கோபம். உள் ஆயில் சீல், வெளியே பந்தின் மேல் உரசி நிற்கும் நக்கிள் வைப்பர் சீல், ஃபெல்ட் எல்லாமும் புதிது.

தராசு

ஷிம் வைத்து இறுக்கத்தைச் சரிசெய்வதுதான் இதில் நுணுக்கமான வேலை. அதற்கு எந்த நவீனக் கருவியும் தேவையில்லை. வெளிச் சீல் போடாத நிலையில், டை ராட் எண்டு உட்காரும் துளையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி, நக்கிளுக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். நக்கிள் நகரத் தொடங்கும்போது தராசு 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவே காட்ட வேண்டும்.

கொக்கித் தராசை எதிர்வீட்டில் தேங்காய் மட்டை வியாபாரம் செய்கிற அண்ணனிடம் வாங்கினேன். அது எவ்வளவு நேர்மையானது என்று பார்க்க முதலில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தொங்கவிட்டேன். 1,100 காட்டியது. கவரை எல்லாம் கழித்தாலும் நூறு கிராம் அதிகம். எல்லா அளவிலும் நூறைக் கழித்துக்கொண்டேன்.

பழைய ஷிம்களோடு புதுப் பேரிங்கில் இழுத்தபோது 600 கிராம். மேலேயிருந்து மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்தேன், 950. கீழேயும் ஒன்று, 1,450. ஒரே பக்கம் எடுத்துக்கொண்டே போனால் நக்கிள் மையம் விலகி வைப்பர் சீல் ஒருபக்கமாகத் தேயும், அதனால் மேலும் கீழும் மாற்றி மாற்றி எடுத்தேன். 1,450இல் நிறுத்தினேன். கைக்கு இடது சக்கரத்தில் உணர்ந்த அதே தேன் கனம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு சொதப்பல். அச்சுத் தண்டைத் திரும்ப உள்ளே விடும்போது கை தளர்ந்து, அதன் பல் முனை புதுச் சீலின் உதட்டைக் கீறிவிட்டது. கண்ணில் பட்டும், பரவாயில்லை என்று மூடினேன். நாலாவது நாள் டயர் உட்புறம் ஈரம். மறு ஞாயிறு மறுபடி அதே அளவுக்குப் பிரித்து இன்னொரு சீல். இந்த முறை தண்டின் பல்லுக்கு மேல் பாலிதீன் தாளைச் சுற்றி, கீழே முழங்காலை முட்டுக்கொடுத்து நுழைத்தேன். இடது பக்கத்தையும் அதே வாரம் பிரித்தேன். பேரிங் நன்றாகவே இருந்தது. சீலை மட்டும் மாற்றி மூடிவிட்டேன்.

கடைசியாக ப்ரீதர். புதுக் குழாயை நீளமாக வாங்கி இன்ஜின் அறைக்குள் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தகடு) உயரத்துக்கு ஏற்றி, முனையில் பைக்குக்குப் போடும் பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைச் செருகினேன். காற்று போகும், குளவி போகாது. பின் அச்சின் குழாயையும் ஊதிப் பார்த்தேன். அது திறந்தே இருந்தது. இருந்தாலும் அதற்கும் ஒன்று.

செலவும் நிலவரமும்

பேலன்ஸிங், டேம்பர், எண்டுகள், புஷ்கள் என்று முதல் நான்கு வேலைக்கும் கூலியோடு 11,400 ரூபாய். கிங்பின் பேரிங், சீல்கள், வீணாக்கிய ஒரு சீல், ஆயில், கிரீஸ், குழாய் எல்லாம் சேர்த்து 4,700. முதல் தொகையில் டேம்பரையும் புஷ்ஷையும் தண்டச் செலவு என்று சொல்ல மாட்டேன், அவை எப்படியும் மாற்ற வேண்டியவை. எண்டுகளை மாற்றியிருக்க வேண்டாம்.

ஆகஸ்டில் டோ-இன்னை, அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் எவ்வளவு உள்ளே குவிந்திருக்கின்றன என்பதை, வீட்டிலேயே பார்த்தேன். டயரைச் சுற்றி சாக்பீஸ் கோடு போட்டு டேப்பால் அளந்ததில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 4 மி.மீ. குறைவு, அப்படியே விட்டேன். அதன் பிறகு ஒரு நாள் டேம்பரைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டி குறைவான விடியற்காலையில் அதே மேம்பாலத்து இணைப்பில் 50, 60, 70 என்று மூன்று முறை ஓட்டினேன். ஸ்டீயரிங் ஒரு உதறல் உதறி அடங்கியது, ஆடவில்லை. வீட்டுக்கு வந்து டேம்பரை மாட்டினேன். செப்டம்பரில் ஆய்வு முடிந்து ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. கிடைத்தது.

அதற்குப் பிறகு வால்பாறைக்கு ஒன்பது முறை போய்வந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் திரும்பிய மறுநாள் வலது முன் டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். இதுவரை ஒன்பதும் "காய்ந்திருக்கிறது". ஃபில்டரை மட்டும் இரண்டாவது மழைக்காலத்தில் மாற்ற வேண்டிவந்தது, அதன் வெளிப்பக்கம் யாரோ செம்மண் பூச ஆரம்பித்திருந்தார்கள்.